இனிஷியலும் இண்டிபேரும்: ஒரு தீர்ப்பை வாசித்தல்

கணவனை இழந்து மறுமணம் செய்துகொண்ட ஒரு தாய், முதல் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டாவது கணவரின் குடும்பப்பெயரை வைக்கலாமா? வைக்கலாம், அவருக்கே பிள்ளையைத் தத்தும் கொடுக்கலாம் என்று 2022 ஜூலை 28 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது. அமர்வில் இருந்தவர்கள் நீதிபதிகள் தினேஷ் மகேஸ்வரி, கிருஷ்ண முராரி. தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ண முராரி.

முடிவு சரியானது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் முடிவுக்குப் போய்ச் சேர்ந்த வழியில் சில இடங்கள் இடறுகின்றன. அந்த இடங்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. நான் வழக்கறிஞர் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஒரு தீர்ப்பையும் நிரலைப் படிப்பது மாதிரிதான் படிக்க வருகிறது: எந்த உள்ளீட்டிலிருந்து இந்த முடிவு வருகிறது, நடுவில் எந்த வரி உண்மையில் வேலை செய்கிறது, எந்த வரி சும்மா நிற்கிறது, நாளைக்கு வேறு உள்ளீடு வந்தால் என்ன ஆகும்?

வழக்கு

ஆந்திரக் குடும்பம். 2003-ல் திருமணம். 2006 மார்ச்சில் ஆண் குழந்தை. அதே ஆண்டு ஜூனில், குழந்தைக்கு மூன்று மாதம்கூட நிறையாத நிலையில், கணவர் இறந்துபோகிறார். 2007 ஆகஸ்டில் அந்தப் பெண் மறுமணம் செய்துகொள்கிறார். 2008-ல் இறந்தவரின் பெற்றோர், பேரனுக்குத் தங்களைப் பாதுகாவலராக நியமிக்க வேண்டும் என்று 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் மனு போடுகிறார்கள்.

விசாரணை நீதிமன்றம் 2011-ல் மறுத்துவிட்டது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது முறையல்ல என்பது அதன் நிலை. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் 2014-ல் வேறொன்றைச் சொன்னது: மூன்று மாதத்துக்குள் பையனின் பழைய குடும்பப்பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும். ஆவணங்கள் இடம் கொடுக்கும் இடத்திலெல்லாம் பெற்ற தந்தையின் பெயரே இருக்க வேண்டும். அது முடியாத இடத்தில் புதுக் கணவரின் பெயரை ‘மாற்றாந்தந்தை’ என்று குறிக்க வேண்டும்.

இதை எதிர்த்துத் தாய் உச்சநீதிமன்றம் போனார். வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2019 ஜூலையில், பதிவு செய்த பத்திரம் மூலம் அவருடைய கணவர் பையனைத் தத்தெடுத்துக்கொண்டார். அப்போது பையனுக்கு 13 வயது. தீர்ப்பு வந்தபோது 16.

எது சரி

முதலில் தீர்ப்புக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடலாம்.

ஒன்று, தாத்தா பாட்டி கேட்டது பாதுகாவலர் உரிமை. பெயரை மாற்றித் தாருங்கள் என்று அவர்கள் மனுவில் கேட்கவே இல்லை. கேட்காத பரிகாரத்தை உயர்நீதிமன்றம் தானாகக் கொடுத்தது வரம்பு மீறல் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. சுத்தமான வாதம். உண்மையில் இந்த ஒரு வரியே மேல்முறையீட்டை முடிக்கப் போதுமானது.

இரண்டு, ‘மாற்றாந்தந்தை’ என்று எழுதச் சொன்னதைக் கிட்டத்தட்டக் கொடூரமானது என்றது. அந்தப் பையன் பள்ளிச் சான்றிதழை நீட்டும் ஒவ்வொரு கவுண்ட்டரிலும் அவன் வீட்டுக் கதை முழுவதும் வெளியே வரும். தமிழில் இதை யோசித்துப் பாருங்கள். தந்தை மறுமணம் செய்தால் வருகிறவளுக்கு நம்மிடம் வீட்டுச்சொல் இருக்கிறது: சித்தி. தாய் மறுமணம் செய்தால் வருகிறவருக்கு அப்படி ஊரறிந்த ஒரு சொல் இல்லை. ‘மாற்றாந்தந்தை’ என்பது ‘மாற்றாந்தாய்’ என்பதைப் பார்த்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வீட்டில் இல்லாத ஒரு சொல்லைப் பிள்ளையின் ஆவணத்தில் மட்டும் ஒட்டினால் அது உறவைக் குறிக்காது, ஒரு குறையைத்தான் குறிக்கும்.

மூன்று, இந்த வழக்குக்குப் பின்னால் ஒரு நீண்ட நிழல் இருக்கிறது. 1856-ஆம் ஆண்டு இந்து விதவை மறுமணச் சட்டத்தை நாம் சீர்திருத்தச் சட்டமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அதன் இரண்டாம் பிரிவுப்படி மறுமணம் செய்தவள் இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள். மூன்றாம் பிரிவு இன்னும் முக்கியம்: உயிலில் பாதுகாவலர் குறிப்பிடப்படாவிட்டால், இறந்தவரின் தந்தையோ தாயோ தாத்தாவோ வேறு ஆண் உறவினரோ, அந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாவலரை நியமிக்கச் சொல்லி நீதிமன்றம் போகலாம். ‘நீ போகலாம், பிள்ளையை விட்டுவிட்டுப் போ’ என்பதற்குச் சட்டமே கதவு திறந்து வைத்திருந்தது. அந்தச் சட்டம் 1983-ல்தான் முறைப்படி நீக்கப்பட்டது. 2008-ல் போட்ட மனு வேறு சட்டத்தின் கீழ் வந்தாலும், வந்த வழி அந்தப் பழைய வழிதான். அதை அடைத்த வகையில் இந்தத் தீர்ப்பு பெரிய காரியம்.

தாத்தா பாட்டியை வில்லனாக்க நான் விரும்பவில்லை. மகன் போய்விட்டான். அவன் விட்டுப்போன ஒரே பிள்ளையின் பெயரிலிருந்தும் அவன் அடையாளம் போகிறது. அந்த வலி உண்மையானது. ஆனால் அந்த வலிக்கு மருந்து பிள்ளையின் சான்றிதழில் இல்லை.

இடறும் இடம்: ‘ஒரே பெயர்தான் குடும்பம்’

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். குடும்பப்பெயர் என்பது வம்சத்தை மட்டும் குறிப்பதில்லை, பிள்ளை வளரும் சூழலில் அது யாரோடு சேர்ந்தது என்ற உணர்வையும் தருகிறது என்கிறது தீர்ப்பு. இது வரைக்கும் சரி. அடுத்து ஒரு படி மேலே போய், எல்லோருக்கும் ஒரே குடும்பப்பெயர் இருப்பதுதான் ஒரு குடும்பத்தை உருவாக்கி, தாங்கி, வெளியே காட்டும் வழி என்ற தொனியில் பேசுகிறது.

ஆந்திர வழக்குக்கு இது பொருந்துகிறது. தெலுங்கில் இருப்பது இண்டிபேரு, அதாவது வீட்டுப்பெயர். என்.டி.ராமராவின் ‘என்’ நந்தமூரி. அவர் அப்பாவுக்கும் நந்தமூரி, பிள்ளைகளுக்கும் நந்தமூரி, பேரன்களுக்கும் அதேதான்.

தமிழ்நாட்டுக்கு வாருங்கள். உச்சநீதிமன்றம் சொன்ன சட்டம் இந்தியா முழுமைக்கும் பொருந்தும், ஆகவே இங்கும் பொருந்தும். ஆனால் இங்கே பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப்பெயர் என்ற ஒன்றே கிடையாது. செல்வத்தின் மகன் செ. முருகன். முருகனின் மகள் மு. கயல். தாத்தா, மகன், பேத்தி மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தாலும் மூன்று இனிஷியல். தீர்ப்பின் அளவுகோலால் அளந்தால் இது குடும்பமாகவே தெரியாது. ஆனால் தலைமுறை தலைமுறையாக நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஒரே பெயர் இல்லாமலும் குடும்பம் நிற்கும் என்பதற்குக் கோடிக்கணக்கான தமிழர்களே ஆதாரம்.

அப்படியானால் இங்கே பெயர் மாற்றம் எளிதா? தலைகீழ். இங்கேதான் கடினம். தரவுதள மொழியில் சொல்வதானால், இண்டிபேரு என்பது ஒரு குழுவின் பெயர். ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு மாறலாம். இறந்த தந்தையின் சொந்தப் பெயரை அது தொடுவதில்லை. நம் இனிஷியல் குழுப்பெயர் இல்லை, ஒரு குறிப்பிட்ட மனிதனைச் சுட்டும் விரல். ‘மு’ என்றால் முருகன்தான், வேறு யாரும் இல்லை. அதை ‘கு’ ஆக்கினால் பிள்ளை வேறு வீட்டில் சேர்ந்தது என்று மட்டும் அர்த்தமாகாது. தன்னைப் பெற்றவர் வேறொருவர் என்று ஒரு தகவலையும் சேர்த்துச் சொல்வதாக ஆகிவிடுகிறது.

நம் ஊரில் இனிஷியல் மீது ஏற்றி வைத்திருக்கும் சுமை உங்களுக்குத் தெரியும். ‘இனிஷியல் இல்லாதவன்’ என்பது வசவு. ‘என் பிள்ளைக்கு இனிஷியல் கொடு’ என்று ஒரு பெண் கேட்டால் அவள் கேட்பது எழுத்தை அல்ல, தந்தைமையை ஒப்புக்கொள்வதை. இத்தனை சுமை ஏறிய ஓரெழுத்தைப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் மாற்றினால், வகுப்பில் வருகைப்பதிவு வாசிக்கிற நாளே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மாற்றாமல் விட்டாலும் சிக்கல்தான். இரண்டாம் திருமணத்தில் பிறந்த தங்கையும் அதே பள்ளியில் சேர்ந்தால், அண்ணனுக்கு ஓர் எழுத்து, தங்கைக்கு வேறு எழுத்து. ஆகவே ‘மாற்று’ என்பதோ ‘மாற்றாதே’ என்பதோ தானாகச் சரியான விடை இல்லை. அந்தந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ‘ஒரே பெயர்தான் குடும்பம்’ என்று பொதுவிதியாகச் சொன்னால் பிள்ளையைப் பார்க்க வேண்டிய வேலை மிச்சமாகிவிடுகிறது. என் ஆட்சேபம் அங்கேதான்.

வளர்ப்பது ஒன்று, பெயர் கொடுப்பது இன்னொன்று என்று வைத்த மரபும் இருக்கிறது. இஸ்லாத்தில் எடுத்து வளர்க்கும் பிள்ளையை அதன் சொந்தத் தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது நெறி. சோறு, படிப்பு, பாசம் எல்லாம் கொடுக்கலாம், ஆனால் பெற்றவன் பெயரை எடுக்கக் கூடாது. அதுதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பெயர் ஒன்றாக இல்லாமலே பிள்ளையைத் தன்னுடையதாக வளர்க்கும் வழக்கம் நம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது என்கிறேன்.

சட்டத்தின் ஞாபகம்

தீர்ப்பு 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைத் துணைக்கு அழைக்கிறது. தத்துப் போன நாளிலிருந்து பிறந்த குடும்பத்துப் பந்தங்கள் அறுந்து, தத்தெடுத்த குடும்பத்துப் பந்தங்கள் வந்துவிடும். ஆகவே புதுக் குடும்பத்தின் பெயரை எடுப்பது இயல்பு என்பது வாதம்.

ஆனால் இந்தச் சட்டம் எழுதப்பட்டது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பிள்ளை போவதை மனதில் வைத்து. கொடுப்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குப் பிள்ளை நிஜமாகவே மாற வேண்டும் என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. மறுமண வீட்டில் இதை ஓட்டிப் பாருங்கள். கொடுப்பவள் தாய். வாங்குபவர் அவள் கணவர். பிள்ளை கூடத்தை விட்டே நகரவில்லை. 14-ஆம் பிரிவை எழுத்துக்கு எழுத்து வாசித்தால், மனைவி உள்ள ஆண் தத்தெடுத்தால் அந்த மனைவி வளர்ப்புத் தாயாகக் கருதப்படுவாள். அதாவது பெற்றவளே தன் பிள்ளைக்கு வளர்ப்புத் தாய்! இந்தச் சூழ்நிலை சட்டத்தை எழுதியவர்களின் சோதனைப் பட்டியலில் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னும் கவனிக்க வேண்டியது 12-ஆம் பிரிவின் விதிவிலக்குகள். பந்தங்கள் அறுந்துவிடும் என்று சொன்ன அதே மூச்சில் சட்டம் சிலவற்றை அறுக்காமல் விடுகிறது. தத்துக்கு முன்பே பிள்ளைக்குச் சேர்ந்துவிட்ட சொத்து, அதோடு வரும் கடமைகளுடன், பிள்ளையிடமே இருக்கும். பிறந்த குடும்பத்தில் யாரை மணக்க முடியாதோ அவர்களைத் தத்துக்குப் பிறகும் மணக்க முடியாது. ஆக, பெற்ற தந்தை ஒருவர் இருந்தார் என்பதைச் சட்டம் சொத்துக்காக ஞாபகம் வைத்திருக்கிறது, கல்யாணத்துக்காக ஞாபகம் வைத்திருக்கிறது. பிள்ளைக்காக ஞாபகம் வைத்திருக்கும் வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஒரு தீர்ப்பு இதைத் தொட்டிருக்கலாம். பையனின் அன்றாடப் பெயர் எதுவாக இருந்தாலும், தன்னைப் பெற்றவர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு, அந்த ஆவணம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் போதும். தாத்தா பாட்டியின் துக்கத்துக்கும் அதில் ஓர் இடம் கிடைத்திருக்கும். ஊர் பார்க்கும் பெயர் வேறு, பெட்டியில் இருக்கும் பிறப்பு விவரம் வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுத வேண்டியதில்லை. உயர்நீதிமன்றம் இரண்டையும் குழப்பிப் பிறப்பு விவரத்தை ஊருக்குக் காட்டச் சொன்னது. உச்சநீதிமன்றம் ஊர் பார்ப்பதை மட்டும் சரிசெய்துவிட்டு, பெட்டியைப் பற்றிப் பேசாமல் விட்டது.

யாரைக் கேட்டார்கள்?

தீர்ப்பில் உண்மையில் வேலை செய்யும் வரி எது என்று தேடினால், அது இதுதான்: தந்தை இறந்துவிட்டதால் தாயே ஒரே இயற்கைப் பாதுகாவலர், ஆகவே பெயரைத் தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு. இதற்கு 1999-ல் வந்த கீதா ஹரிஹரன் வழக்கை மேற்கோள் காட்டுகிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப்போய்த் தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டதில் தொடங்கிய வழக்கு அது. தாய்மாருக்குப் பெரிய திறப்பு. மறுப்பில்லை.

ஆனால் தாயின் உரிமையில் தொடங்கும் வாதம் தாயின் உரிமையிலேயே முடிகிறது. பிள்ளையின் நலன், மனநிலை எல்லாம் பேசப்படுகின்றன. பிள்ளையின் விருப்பம் மட்டும் அந்த வாதத்தில் ஒரு படியாக இல்லை. 13 வயதில் தத்துக் கொடுக்கப்பட்ட, 16 வயதில் தீர்ப்பு வாங்கிய பையன் கைக்குழந்தை இல்லை.

குறை முழுக்க நீதிபதிகளுடையதும் அல்ல. அதே 1956 சட்டத்தின் 9-ஆம் பிரிவைப் பாருங்கள். பெற்றோர் இல்லாமல் ஒரு பாதுகாவலர் பிள்ளையைத் தத்துக் கொடுக்க வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும், அப்போது வயதுக்கும் விவரத்துக்கும் ஏற்ப பிள்ளையின் விருப்பத்தையும் கவனிக்க வேண்டும். பெற்றவரே கொடுத்தால் நீதிமன்றமும் வேண்டாம், பிள்ளையைக் கேட்கவும் வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியாகத் தத்து எடுத்தால் 61-ஆம் பிரிவுப்படி பிள்ளையின் விருப்பத்தைக் கவனித்தே ஆக வேண்டும். ஒரே நாடு, ஒரே வயதுப் பிள்ளை. எந்தக் கதவு வழியாக வருகிறான் என்பதைப் பொறுத்து அவனுக்கு வாய் இருக்கிறது அல்லது இல்லை. இந்த முரணைச் சுட்டிக்காட்ட இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைத்திருக்காது.

உள்ளீட்டை மாற்றினால்

நிரலுக்குச் செய்யும் சோதனையை இங்கேயும் செய்யலாம். தந்தை இறக்கவில்லை, விவாகரத்து ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை தாயிடம். அவர் எட்டு வருடமாக எட்டிப் பார்க்கவில்லை, செலவுக்குப் பணமும் தருவதில்லை. தாய் மறுமணம் செய்துகொள்கிறாள். பிள்ளை புதியவரை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறது.

இந்தத் தீர்ப்பு அவளுக்கு எவ்வளவு உதவும்? கொஞ்சம்தான். ‘ஒரே இயற்கைப் பாதுகாவலர்’ என்ற படி அவளுக்குத் தானாகக் கிடைக்காது. பிள்ளையை முற்றிலும் கைவிட்ட தந்தையை ‘இல்லாதவர்’ என்று கொள்ளலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கைக் காட்டி வாதாடலாம். ஆனால் தத்து என்று வந்தால், 2010 திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை, ஒருவர் கொடுக்க மற்றவர் சம்மதம் வேண்டும். மற்றவர் துறவியாகியிருந்தால், மதம் மாறியிருந்தால், மனநிலை சரியில்லை என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால் மட்டும் சம்மதம் வேண்டாம். பிள்ளையை மறந்துபோனது அந்தப் பட்டியலில் இல்லை. துறவி ஆகலாமாம், அயோக்கியன் ஆனால் சம்மதம் கேட்கத்தான் வேண்டுமாம்.

பெயரையும் தந்தைமையையும் பிரித்துப் பார்த்தால் இங்கே வழி பிறக்கும். இங்கிலாந்தில் 1999-ல் பிரபுக்கள் சபை வரை போன ஒரு வழக்கு உண்டு. மணமாகாத பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்குத் தாய் தன் முன்னாள் கணவரின் குடும்பப்பெயரை வைத்துவிட்டாள், ஏனென்றால் அவளுக்கும் அவளுடைய மூத்த பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர்தான். பெற்ற தந்தை தன் பெயரை வைக்கச் சொல்லி வழக்குப் போட்டார். சபை மறுத்தது. தாயின் உரிமை, தந்தையின் உரிமை என்று அது தராசு பிடிக்கவில்லை. இப்போது பெயரை மாற்றுவது குழந்தைக்கு நல்லது என்று காட்டப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. தந்தையோடுள்ள தொடர்பும் எடைக்கு வந்தது, தட்டில் ஒரு கல்லாக.

நம் தீர்ப்பின் கடைசிப் பகுதியிலும் இதற்கான விதை இருக்கிறது. பெயர் விஷயத்தில் நீதிமன்றம் தலையிட முடியும், ஆனால் அதற்கென்று கோரிக்கை வர வேண்டும், பிள்ளையின் நலனே முதன்மை என்ற அடிப்படையில் வர வேண்டும் என்கிறது. அந்த வாக்கியம் தீர்ப்பின் வாசலில் இருந்திருக்க வேண்டும். கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

இப்படியொரு முடிவை எடுக்க வேண்டிய வீடுகள் சட்டப் பிரிவுகளைத் தாண்டி மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது. பிள்ளைக்குத் தினமும் எந்தப் பெயர் வசதி? பெற்றவர் யார் என்ற விவரம் எங்கே, யாரிடம் பத்திரமாக இருக்கும்? வயது வந்தபின் பிள்ளை மாற்ற விரும்பினால் யாரும் முகம் சுளிக்காமல் இருப்பார்களா? முதல் கேள்விக்குப் பதில் சொல்ல அந்த வீட்டில் மிகத் தகுதியானவர் பெரும்பாலும் பள்ளிப் பையோடு பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பார்.